பதில் வரும்வரை

குளியலறைக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மாஸ்டர் கூடத்தில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டபடி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். ஆள் மேல் விழுகிற தண்ணீருக்கு ஒரு சத்தம், வெறும் தரையில் விழுகிற தண்ணீருக்கு வேறு சத்தம். ஆள் நின்றால் சத்தம் நடுநடுவே உடையும், சிதறும், கொஞ்சம் நிற்கும். இது உடையவே இல்லை. ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. பையன் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்கிறான். தள்ளி நின்று என்ன செய்கிறான்?

முப்பது வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்த்த காது. மூடியிருக்கிற மோட்டாருக்குள் எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று வெளியே நின்றே சொல்லிவிடும். அந்தக் காதை இப்போது வீட்டுக் குளியலறைக் கதவில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு பக்கம் வெட்கமாகவும் இருந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவரே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கழற்றினார். மகன் உள்ளே விழுந்து கிடந்த அன்று கதவை உடைக்க அவர் பட்ட பாடு போதும் என்று ஆகிவிட்டது. உதடு நீலம் பாரித்து, கண் பாதி திறந்து, கையில் ஊசியோடு கிடந்தான். அவன் பிழைத்து வந்த பிறகும் அந்தக் காட்சி போகவில்லை. கண்ணை மூடினால் இமைக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சமையலறை வாசலில் மனைவி வந்து நின்று புருவத்தைத் தூக்கிக் கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். இந்த வீட்டில் இப்போதெல்லாம் பாதிப் பேச்சு முகத்தாலேயே நடக்கிறது.

"டேய், நேரமாச்சு" என்றார் சத்தமாக.

"வரேன்ப்பா."

அந்த 'வரேன்'ஐ அவர் மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தார். குழறுகிறதா? இழுக்கிறதா? நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. முன்பு பொய் சொன்ன நாளிலெல்லாம் அவன் நன்றாகத்தான் பேசுவான். ஒருவேளை தண்ணீர் சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்று தள்ளி நிற்கிறானோ என்னவோ. ஒரு பிள்ளை குளிப்பதற்குக்கூட தகப்பனிடம் காரணம் சொல்ல வேண்டுமா என்று அவருக்கே ஒரு நினைப்பு வந்து போனது.

சிகிச்சை நிலையத்திலிருந்து திரும்பி வந்தபிறகு இன்றைக்குத்தான் அவனை வேலைக்கு அழைத்துப் போகிறார். முன்பு அவரிடம்தான் ஹெல்பராக இருந்து தொழில் கற்றுக்கொண்டான். நல்ல கை. அவரோடு வழக்கமாக வருகிற நெட்டை என்கிற ஹெல்பர், பைக்கிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறான். லிஃப்ட் வேலைக்கு ஒற்றை ஆளாகப் போக முடியாது. ஒருத்தன் கூண்டின் மேல் ஏறி நிற்க வேண்டும், இன்னொருத்தன் மொட்டை மாடியில் மெஷின் ரூமில் இருக்க வேண்டும். சூப்பர்வைசர்தான் போனில் சொன்னான்.

"உங்க பையனையே கூட்டிட்டுப் போங்கண்ணே. காமாலை சரியாயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சு."

"கண்ணு நல்லா வெளுத்துடுச்சா? கண்ணப் பாருங்கண்ணே, காமாலைன்னா கண்ணுதான் காட்டிக்கொடுக்கும்."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் மாஸ்டர். அது மட்டும் பொய் இல்லை. காமாலை என்றுதான் கம்பெனியிலும் சொந்தக்காரர்களிடமும் சொல்லி வைத்திருந்தார்கள். எல்லோரும் மஞ்சளைத் தேடினார்கள். அவர் மட்டும் கருவிழியின் நடுவே இருக்கும் புள்ளியைத் தேடினார். அது குண்டூசி முனை மாதிரி சுருங்கியிருந்தால் விஷயம் கெட்டது என்று அர்த்தம்.

ஸ்கூட்டரில் போகும்போது மகன் பின்னால் கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிக்னலில் நின்றபோது அவனுடைய போன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தார். எடுத்துப் பார்த்தவன் சட்டென்று கட் செய்து பையில் போட்டுக்கொண்டான்.

"யாருடா?"

"யாருமில்லப்பா."

"யாருமில்லாதவன் எதுக்குடா போன் பண்றான்?"

அவன் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினான். சளியா, இல்லை அதுவா? அந்தப் பழக்கம் இருப்பவனுக்கு மூக்கு ஒழுகும் என்று அங்கே டாக்டர் சொல்லியிருந்தார். சளி பிடித்தவனுக்கும் ஒழுகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாஸ்டரின் நாள் முழுவதும் போகிறது.

கட்டடத்து வாசலில் இறங்கியபோது மனைவியின் போன் வந்தது.

"என்னங்க, சாப்பிட்டானா?"

வீட்டில் அவள் கண் முன்னால்தான் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். அவள் கேட்பது வேறு. அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், பக்கத்தில் நிற்கிற பையனுக்கும் தெரியும்.

"சாப்பிட்டான், சாப்பிட்டான்" என்று சொல்லி போனை வைத்தார்.

ஏழு மாடிக் கட்டடம். பழைய லிஃப்ட். ஓடும்போது மேலே எங்கோ 'டக் டக்' என்று ஒரு சத்தம் வருகிறது என்று புகார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாசலிலேயே காத்திருந்தார். ஓய்வு பெற்றவர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"வாங்க மாஸ்டர். நேத்து உள்ள போனேன் பாருங்க, தலைக்கு மேல யாரோ கதவத் தட்டுற மாதிரி சத்தம். எனக்கு வந்த அழைப்போன்னு நெனச்சிட்டேன்."

"இன்னும் நாளாகும் சார். அதுக்குள்ள சரி பண்ணிடறோம்" என்றார் மாஸ்டர்.

"இது யாரு, பையனா? என்னப்பா இப்படி எளச்சுப் போயிருக்க?"

"காமாலை சார்" என்றான் மகன், தகப்பனைப் பார்க்காமல்.

வேலை தொடங்கும் முன் மாஸ்டர் வழக்கம்போல் முறையைச் சொன்னார். அவனுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொன்னார். கூண்டின் மேல் நிற்கிற ஆள் கையில் ஒரு பெட்டி இருக்கும். அதில் 'மேலே' ஒரு பட்டன், 'கீழே' ஒரு பட்டன். அமுக்கினால் கூண்டு மெதுவாக நகரும், விட்டால் நின்றுவிடும். அமுக்கும் முன் போகிற திசையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மெஷின் ரூமில் கம்பிக்கயிறு இறங்குகிற ஓட்டை வழியாக அது மேலே கேட்கும். மேலே இருப்பவன் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னால், என் கையும் காலும் ஒதுங்கியிருக்கிறது, நகர்த்திக்கோ என்று அர்த்தம்.

"பதில் வரலன்னா?" என்று கேட்டார்.

"நகரக் கூடாது."

"யாரு சொன்னாலும்?"

"யாரு சொன்னாலும். எனக்கு ஞாபகம் இருக்குப்பா. அது ஒண்ணும் அழிஞ்சு போகல."

அந்தக் கடைசி வார்த்தை கொஞ்சம் உறைத்தது. மாஸ்டர் கூண்டின் மேல் இறங்கினார். மகன் படியேறி மெஷின் ரூமுக்குப் போனான்.

உள்ளே எப்போதும் ஒரே வாசனைதான். கிரீஸ், தூசு, இருட்டு. ஒரு சின்ன பல்பு வெளிச்சத்தில் நான்கு பக்கமும் சுவர் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருக்கும். இந்தக் குழிக்குள் நிற்கும்போது மாஸ்டருக்கு மனசு தெளிவாக இருக்கும். நெட்டை மேலே இருந்தால் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்வார். மேலே இருப்பவன் கையில்தான் கீழே இருப்பவன் உயிர் என்று எல்லோரும் சொல்வார்கள். இத்தனை வருஷத்தில் அவர் அதை ஒரு நாளும் பெரிதாக நினைத்ததில்லை. இன்றைக்கு நினைத்தார்.

"கீழே!"

"கீழே!" என்று குரல் ஓட்டை வழியாக இறங்கி வந்தது.

அமுக்கினார். நகர்ந்தது. விட்டார்.

"மேலே!"

"மேலே!"

மேலே போகும்போதுதான் அந்த 'டக் டக்' கேட்டது. கொஞ்சம் போய் நிறுத்தி, மகன் பார்த்து, மறுபடி கொஞ்சம் போய் நிறுத்தி, இப்படியே தேடினார்கள். ஒவ்வொரு தடவையும் பதில் சுத்தமாக வந்தது. மாஸ்டர் சத்தத்தைக் கேட்பதற்குப் பதில் மகன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் குரல் இறங்கியிருக்கிறதா? பதில் வர நேரம் கூடுகிறதா? அவன் கூடவே எடுத்துக்கொண்டு போன பையில் கருவி மட்டும்தான் இருக்கிறதா? மெஷின் ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டே. அதைப் பற்றி இதற்கு முன் அவர் யோசித்ததே இல்லை.

கூண்டு ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நின்றது. எதிரே வெறும் சுவர். ஆறாவது மாடிக் கதவின் அடிப்பாகம் தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் தெரிந்தது.

"மேலே!"

பதில் இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "மேலே!"

எங்கோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடியது. யாரோ குழந்தையைத் திட்டினார்கள். ஓட்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"டேய்! தம்பி! இருக்கியாடா?"

மேலே இருந்து ஏதோ லேசாக 'ம்' என்பது போல வந்ததா, இல்லை மிக்ஸிதானா? போனை எடுத்தார். குழிக்குள் சிக்னல் கிடையாது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் எடுத்தார். அந்தப் போன் யாருடையது? அவன் ஏன் கட் பண்ணினான்? காலையில் தண்ணீரைத் திறந்துவிட்டு என்ன செய்தான்? எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வந்து கடைசியில் ஒரே ஒரு படமாக நின்றது. சிமெண்ட் தரை, நீலம் பாரித்த உதடு, பாதி திறந்த கண். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாரே. மேலே போக வேண்டும். போவதற்கு இந்தக் கூண்டை ஆறாவது மாடிக்கு ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்குப் பதில் வர வேண்டும். பதில் சொல்ல வேண்டியவன்தான் விழுந்து கிடக்கிறான்.

"டேய்ய்!"

மாஸ்டர் பட்டனை அமுக்கினார்.

கூண்டு நகர்ந்தது. ஓர் அடி போயிருக்காது. மேலிருந்து ஏதோ விழுந்து உடைகிற சத்தம், அதோடு ஒரு அலறல்.

"நிறுத்து! அப்பா நிறுத்து!"

விரல் தானாக விலகியது. கூண்டு நின்றது.

"என்னடா? என்னாச்சு?"

"வா... மேல வா. இப்ப வரலாம். மேலே! நான் ஒதுங்கிட்டேன், மேலே!"

அந்த நிலையிலும் முறைப்படி சொல்கிறான் என்று மாஸ்டருக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது உறைக்கவில்லை. ஆறாவது மாடிக்கு ஏற்றி, கதவைத் திறந்து வெளியே வந்து, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினார். அந்த வயதில் ஓடக் கூடாத ஓட்டம்.

மெஷின் ரூம் கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. மகன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கையை இடது கையால் பிடித்து நெஞ்சோடு அணைத்திருந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. மாஸ்டர் பாய்ந்து போய் அவன் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டை விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி அகலமாக, பயத்தில் விரிந்திருந்தது. மற்ற கண்ணையும் பார்த்தார். அதுவும் அப்படித்தான்.

மகன் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்து முடிக்கட்டும் என்று விட்டான். பிறகு சொன்னான்.

"கை போயிருக்கும்ப்பா. நீ கண்ணப் பாக்குற."

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் நகம் பாதி பெயர்ந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. அவனுக்குப் பின்னால் இயந்திரத்தில், கம்பிக்கயிறு சுற்றி ஓடுகிற பெரிய கப்பிக்கும் அதன் மேல் மூடியிருக்கிற தகட்டுக்கும் நடுவில், அவன் துடைக்க வைத்திருந்த துணி முறுக்கிக்கொண்டு மாட்டியிருந்தது. கை இருந்த இடத்தில் துணி இருந்தது. டார்ச் லைட் கீழே கண்ணாடி உடைந்து கிடந்தது.

"அந்தத் தகடுதான் சத்தம். ஸ்க்ரூ லூசாகி கப்பில உரசுது. பாத்துட்டேன்" என்றான் மகன். மூச்சு இன்னும் சீராகவில்லை. "ரெண்டு கையும் உள்ள விட்டுப் புடிச்சிக்கிட்டிருந்தேன். டார்ச்ச வாயில கடிச்சிட்டிருந்தேன். எப்படி பதில் சொல்றது? 'ம்ம் ம்ம்'னு கத்துனேன். பதில் வரலன்னா நகர மாட்டன்னு நெனச்சேன். நீதான நகர மாட்ட."

மாஸ்டர் கப்பியில் முறுக்கிக் கிடந்த துணியைப் பார்த்தார்.

"மெயின் சுவிட்ச எறக்கிட்டுதான் கைய வெச்சிருக்கணும். அது என் தப்பு."

"இல்லடா" என்றார். இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி வேலையில் அவரோ நெட்டையோ ஒரு தடவையும் மெயினை இறக்கியதில்லை. பதில்தான் மெயின். அதை நம்பித்தான் எல்லோரும் கையை உள்ளே விடுகிறார்கள். "நெட்டை மேல இருந்து பேசாம இருந்தா, ஏதோ கை வேலையா இருக்கான்னு பீடி பத்த வெச்சுக்கிட்டு நின்னிருப்பேன்."

"நான்ங்கறதால பட்டன அமுக்கிட்ட."

மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து விரலைச் சுற்றினார். கட்டும்போது அவன் முழங்கை மடிப்பில் பழைய ஊசித் தழும்புகள் கண்ணில் பட்டன. புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கண் தானாகத் தேடியது. ச்சே என்று பார்வையை இழுத்துக்கொண்டார். இழுத்துக்கொண்டதையும் மகன் பார்த்துவிட்டான்.

செயலாளர் கீழேயிருந்து படிக்கட்டு வழியாகக் குரல் கொடுத்தார். "மாஸ்டர், என்ன சத்தம்? எல்லாம் சரிதானே?"

"சரிதான் சார்! டார்ச் விழுந்துடுச்சு!"

மாஸ்டர் மெயினை இறக்கினார். துணியை வெட்டி எடுத்தார். தகட்டின் ஸ்க்ரூவை இறுக்கினார். வேலை என்று பார்த்தால் அவ்வளவுதான், குழந்தைகூட செய்யலாம். முதுகுக்குப் பின்னால் மகன் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா."

"ம்."

"இப்ப எனக்கு வேணும் போல இருக்கு."

ஸ்பானர் அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"அப்படி வந்தா வாய விட்டுச் சொல்லிடணும்னு அங்க சொன்னாங்க. உள்ள வெச்சா அது ஜெயிச்சிடுமாம். அம்மாகிட்ட சொன்னா அழும். உன்கிட்ட சொன்னா நீ பாக்கெட்டத் தடவுவ. அதான் யாருகிட்டயும் சொல்றதில்ல." அவன் குரல் காலையில் இருந்தது போலவே இருந்தது. "காலையிலயும் வந்துச்சு. பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு நின்னேன். கொஞ்ச நேரத்துல போயிடுச்சு. வழியில போன் பண்ணது பழைய ஆளு. எடுக்கல. நீயே பாத்த."

மாஸ்டருக்குக் கோபப்படத் தெரியும், கெஞ்சத் தெரியும், கதவை உடைக்கத் தெரியும். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பசிக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்கிறான். கடைசியில், எந்த மெஷினைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"வந்தா எவ்ளோ நேரம் இருக்கும்?"

மகன் நிமிர்ந்து பார்த்தான். இதை எதிர்பார்க்கவில்லை போல. "சொல்ல முடியாது. அலை மாதிரி வரும். நடந்தா கொறையும். சும்மா உக்காந்திருந்தா ஏறும்."

"அப்ப நட."

"வெரலுக்குப் பிளாஸ்டர் வாங்கணும். தெருமுனையில மருந்துக்கடை இருக்கு. போயிட்டு வரேன்."

மருந்துக்கடை. போயும் போயும் மருந்துக்கடை. கருவிப்பையில் முதலுதவிப் பெட்டி என்று ஒன்று உண்டு, அதில் நெட்டை ஊறுகாய்ப் பொட்டலம்தான் வைத்திருப்பான். மாஸ்டர் 'நானும் வரேன்' என்று சொல்ல வாயெடுத்தார். மகன் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. கூடவே நடப்பான், கடையில் நிற்பான், திரும்பி வருவான். நாளைக்கும் அப்படியே. குளியலறைக் கதவுக்கு வெளியே இவர், உள்ளே அவன். எத்தனை நாளைக்கு?

போகவிட்டு ஒன்று ஆகிவிட்டால்? மனைவியிடம் என்ன பதில் சொல்வது?

மெயினைத் தூக்கிப் போட்டார். பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"லிஃப்டுலயே போ" என்றார். "ஓட்டிப் பாத்த மாதிரியும் இருக்கும்."

மகன் எழுந்தான். வாசல் வரைக்கும் போய் ஒரு நொடி நின்றான். செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. கூண்டு ஏழாவது மாடிக்கு ஏறி வந்தது; கதவு திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம்.

பிரேக் 'கடக்' என்று விலகியது. கப்பி சுழன்றது. அந்த 'டக் டக்' இப்போது இல்லை. கம்பிக்கயிறு வழுக்கிக்கொண்டு ஓடியது. எந்த மாடியில் கூண்டு நிற்கிறது என்று மேலே இருப்பவனுக்குத் தெரிவதற்காக ரோப்பில் மஞ்சள் பெயிண்டால் கோடுகள் போட்டிருப்பார்கள். எத்தனையாவது மாடியோ அத்தனை கோடு, தரைத்தளத்துக்கு மட்டும் அகலமாக ஒரு பட்டை. ஆறு கோடு வந்து போனது. ஐந்து. நான்கு. மகன் இறங்கிக்கொண்டே இருந்தான். தரைத்தளத்துக்கான ஒற்றைப் பட்டை வந்து மெதுவாகி, குறிக்கு நேராக நின்றது. பிரேக் விழுந்தது.

மெஷின் ரூமுக்கு வெளியே மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் வரை போனால் தெரு முழுக்கத் தெரியும். மருந்துக்கடைப் பக்கம் திரும்புகிறானா, மெயின் ரோட்டுப் பக்கம் திரும்புகிறானா, போனை எடுத்துக் காதில் வைக்கிறானா, எல்லாம் தெரியும். மாஸ்டர் வாசல் நிலை வரை வந்துவிட்டார். வெயில் முகத்தில் அடித்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே ஹாரன் சத்தங்கள். பிறகு திரும்பி உள்ளே வந்து, மகன் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தரையில் இரண்டு சொட்டு ரத்தம் காய ஆரம்பித்திருந்தது.

ரோப் அசையவில்லை. ஒற்றைப் பட்டை அப்படியே நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்குப் போய்வர ஆகிற நேரம் ஆகிவிட்டது என்று தோன்றியது. இன்னும் ஆகவில்லை என்றும் தோன்றியது. கடையில் கூட்டமாக இருக்கலாம். பிளாஸ்டர் அங்கே இல்லாமல் இருக்கலாம். எழுந்திருக்கப் போனார், மறுபடி உட்கார்ந்தார்.

பிரேக் 'கடக்' என்றது.

ஒற்றைப் பட்டை அசைந்து நகர்ந்து போனது. கீழே யாரோ ஏறியிருக்கிறார்கள். ஒரு கோடு வந்தது. நிற்கவில்லை. இரண்டு. செயலாளர் வீடு இரண்டாவது மாடி, அவர் இல்லை. மூன்று கோடு நிற்காமல் ஓடியது. யார் வேண்டுமானாலும் இருக்கலாம், மேலே இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. மாஸ்டர் முட்டி போட்டு எழுந்து ரோப்புக்கு அருகில் போனார். நான்கு. ஐந்து. கிரீஸ் பூசிய கம்பிக்கயிறு பல்பு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு, மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டிவிட்டு, நிற்காமல் மேலேறிக்கொண்டிருந்தது.